ஆற்றின் மேல் ஒரு கூரை

கரையோடு கரையை இணைப்பது பாலத்தின் தொழில். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடந்தருவது கூரையின் தொழில். இவ்விரண்டும் ஒன்றாய் அமைவது கூரைப் பாலம். மரப்பாலத்திற்குக் கூரை வெறும் அழகுக்காக வேயப்பட்டதன்று. மழையும் பனியும் விட்டங்களில் இறங்கி அவற்றை உளுக்கச் செய்யாமல் காப்பதே அதன் முதற்பயன்.

சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில், ராய்ஸ் ஆற்றின் குறுக்கே நிற்கும் சேப்பல் பாலம் இவ்வகையில் புகழ்பெற்றது. 14ஆம் நூற்றாண்டில் நகர அரணின் ஓர் உறுப்பாக எழுந்த அது, 200 மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுடையது. நேர்கோடாகச் செல்லாமல் வளைந்து செல்வது. அதன் அருகே ஆற்றுக்குள் நிற்கும் எண்கோண நீர்க்கோபுரம் பாலத்திற்கும் மூத்தது. சிறையாகவும் கருவூலமாகவும் ஆவணக் காப்பிடமாகவும் பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டில், கூரை முகட்டின் கீழ் முக்கோணப் பலகைகளில் நகர வரலாற்றை ஓவியங்களாகத் தீட்டி வைத்தனர்.

அந்நகரத் தமிழ்ப் பள்ளி விழாவொன்றிற்குச் சென்றிருந்தபோது, இப்பாலத்தை இரவில் படமெடுக்கும் வாய்ப்புக் கிட்டியது. யாழ்ப்பாணத்திலிருந்து குடிபெயர்ந்து, அங்கோர் உணவகத்தில் சமையற்பணி புரியும் அன்பர் ஒருவர் துணை வந்தார்.

இரவுப் படத்திற்குப் பொறுமையே முதல். கதிரவன் மறைந்த அரைமணி நேரத்திற்குள் வானம் கருநீலமாக இருக்கையிலேயே எடுத்தல் வேண்டும். முற்றும் இருண்டுவிட்டால் கூரையின் விளிம்பு வானோடு கலந்துவிடும். முக்காலியைக் கரையிலேயே ஊன்றினேன். பாலத்தின் மேல் ஊன்றினால், நடப்போரின் அடிவைப்பில் பலகைகள் அதிர்ந்து படம் கலங்கும். விளக்குகளின் ஒளிக்கு அளவு பார்த்து, இருபது நொடி கருவியின் கண்ணைத் திறந்து வைத்தேன். ஓடும் நீர் பட்டு விரித்ததுபோல் பதிந்தது. பாலத்தில் நடந்து சென்றவர்கள் ஒருவரும் பதியவில்லை. கைப்பிடியருகே அசையாது நின்ற ஒருவர் மட்டும் மங்கலாகத் தெரிந்தார்.

நள்ளிரவை அண்டி ஆள் நடமாட்டம் ஓய்ந்த பின் பாலத்தினுள் நுழைந்தோம். முகட்டை நோக்கிக் கருவியைத் திருப்பிக்கொண்டே நடந்தேன். ஓவியம், ஓவியம், பின் வெறும் மரம். மீண்டும் வெறும் மரம். 1993 ஆகஸ்டு 18 அதிகாலையில் மூண்ட தீயின் தழும்பு அது. பாலத்தின் பெரும்பகுதியும், ஓவியங்களுள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கும் அன்று அழிந்தன. 1994 ஏப்ரலிலேயே பாலத்தை மீண்டும் கட்டித் திறந்துவிட்டனர். மரம் புதிதாய்க் கிடைத்தது. ஓவியனின் கை கிடைக்கவில்லை.

அன்பர் நெடுநேரம் அண்ணாந்து நின்றார். பிறகு சொன்னார்: “சேர், எங்கட நூலகத்தையும் திரும்பக் கட்டினவைதான். எரிஞ்சுபோன ஏடுகளை ஆர் சேர் கட்டித் தாறது?”

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. படியெடுக்கப்படாத ஏடுகளில் என்ன எழுதியிருந்தது என்பதைக்கூட இனி அறியவியலாது. லூசர்ன் ஓவியங்களுக்கோ நிழற்படங்களேனும் எஞ்சின. இழந்தது இன்னதென்று அந்நகர மக்கள் தம் பிள்ளைகளுக்குக் காட்டவியலும். படம் ஓவியமாகாது, ஆயினும், படமுமற்ற இழப்பு இருமுறை இழந்ததற்கு ஒப்பாகும்.

ஒளிரும் கோபுரத்தையே மறுபடியும் எடுக்க எண்ணியிருந்தேன். அன்பர் வெற்றிடங்களைச் சுட்டி, “இதையும் எடுங்கோ சேர்” என்றார். ஒவ்வொன்றாக எடுத்தேன்.

மாணவச் செல்வங்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. எரிந்த பின் எடுக்கும் படம் வெற்றிடத்தின் படமே. ஏடாயினும் ஓவியமாயினும் கட்டடமாயினும், அது நம் கண்முன் இருக்கும் நாளிலேயே பதிவு செய்துவிடல் வேண்டும்.