காருக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறீர்களா?

புதுச்சேரியில் கடலோரம் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைச் சாலை நடந்துபோகும் தூரம்தான். ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடிக்காவிட்டால், தொட்ட கையில் செம்மண் போல ஒட்டிக்கொள்ளும். வெளிக்கேட்டின் கீல் இதுவரை மூன்று முறை மாறியிருக்கிறது. 1952 புயலில் போன பழைய துறைமுகப் பாலத்தின் இரும்புத் தூண்கள் கடலில் மிச்சமாக நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

இவையெல்லாம் கண்ணில் படுகிற துரு. கண்ணில் படாத துரு ஒன்று உண்டு. அது நம் காருக்கு அடியில் இருக்கிறது. அதைப் பற்றியதுதான் இந்தப் பதிவு. பத்து வருடம் தாண்டிய காரை விட மனமில்லாமல் வைத்திருக்கும் என் வயதுக்கார நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரு வெள்ளை மாருதி 800. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், 2009-ல் வாங்கினேன். நம் நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி, சோதனையில் தேறினால் மேலும் ஐந்து வருடம் கொடுப்பார்கள். 2024-ல் அந்தக் கட்டம் வந்தது. பெங்களூரில் இருக்கும் மகன், "வித்துடுங்கப்பா, டாக்சி வச்சுக்கலாம்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. ஆட்டோவின் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாது. எங்கள் காரில் முதலில் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இரண்டு காலையும் மெதுவாக உள்ளே திருப்பி வைத்துக்கொள்வாள். சீட்டின் மேல் ஒரு திண்டு, கைப்பிடிக்க ஒரு துணிப்பட்டை. மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை கோயில். இந்தக் கார் போனால் அவளுடைய வெளியுலகமும் பாதி போய்விடும்.

சோதனைக்கு முன் நாமே பார்த்துவிடுவோம் என்று, தெரிந்த ஒரு டிங்கரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் காரைத் தூக்கி நிறுத்தினார். அடிப்பாகம் முழுக்கக் கறுப்பாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 2015 பெருமழைக்கு அடுத்த வருடம், ஒரு சர்வீஸ் நிலையத்தில் "அண்டர்பாடி கோட்டிங்" என்று பணம் வாங்கிக்கொண்டு அடித்த கறுப்பு அது. டிங்கர் ஒன்றும் பேசவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று கேட்ட சத்தம் இடது பக்கம் வந்ததும் தொப், தொப் என்று மாறியது. நுனியை வைத்து ஒரு குத்துக் குத்தினார். உள்ளே இறங்கிவிட்டது. கறுப்புப் பூச்சு அடிப்பிடித்த சோற்றுப் பொருக்கு மாதிரி பெயர்ந்து வந்தது. அதன் பின்னால் ஈரத்துடன் பழுப்பு நிறத்தில் துருச் செதில்கள்.

"சார், இங்க இரும்பு மேல பெயின்ட் நிக்கல. பெயின்ட்டுதான் இரும்பா நிக்குது" என்றார்.

அந்த இடம் என் மனைவி கால் வைக்கும் தளம். ஒரு சாண் தள்ளி, அவள் சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டின் அடித்தகடும் பாதி இற்றுப்போயிருந்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். துருவுக்கு அங்கே "ரூய்" என்று பெயர். எங்கள் வாத்தியார் மூன்று கண்ணாடிக் குழாய்களில் ஆணி போட்டு வைத்தார். ஒன்றில் ஈரமில்லாத காற்று. இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய். மூன்றாவதில் சாதாரணத் தண்ணீர். சில நாள் கழித்து மூன்றாவது ஆணி மட்டும் துருப்பிடித்திருந்தது. இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர வேண்டும், ஒன்றைத் தடுத்தாலும் துரு இல்லை என்று போர்டில் எழுதிப் போட்டார். உப்பு சேர்ந்தால் தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும், துரு வேகம் பிடிக்கும். நம் கடற்காற்று செய்வது அதைத்தான்.

அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு காரைப் பாருங்கள். இரும்பு நன்றாக இருக்கும்போது பூசினால், பூச்சு தண்ணீரையும் காற்றையும் வெளியே நிறுத்தும். துருவின் மேலேயே பூசினால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். துரு, இரும்பைவிட அதிக இடம் அடைக்கும். அதனால் பூச்சை உள்ளிருந்தே தள்ளி விரிசல் விடும். ரோட்டுக் கல்லும் தெறித்துக் கொஞ்சம் பெயர்க்கும். அந்த வழியாக மறுபடி தண்ணீர் போகும், ஆனால் காய்ந்து வெளியே வராது. வெளியிலிருந்து பார்த்தால் மட்டும் கறுப்பாக, அழகாக இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். லாரிக்கும் ஜீப்புக்கும் தனியாக ஒரு கனமான சேஸிஸ் உண்டு. மாருதி 800 போன்ற கார்களுக்கு அது கிடையாது. தளத்தகடும் பக்கவாட்டு ரன்னிங் போர்டும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. அது இற்றுப்போனால் மோதல் நேரத்தில் சீட்டும் நிற்காது, பெல்ட்டும் நிற்காது.

முதலில் நான் விசாரித்த வேறொரு கடையில், "ஐயாயிரம் கொடுங்க சார், கறுப்பு அடிச்சுத் தர்றேன், சோதனையில யாரும் குனிஞ்சு பார்க்க மாட்டாங்க" என்றார்கள். நம் டிங்கரோ, வெட்டி எடுத்துத் தகடு வைக்க 18,000 ரூபாய் ஆகும் என்றார். கார் விற்றால் 50,000 வந்தால் அதிகம்.

இந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானதுதான். நான் குமாஸ்தாவாக இருந்த பிரிவில் அரசு வாகனங்களைக் கழிவு செய்யும் ஃபைல்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். "அடிப்பாகம் அரித்துவிட்டது, பழுது பார்ப்பது சிக்கனமாகாது" என்று பொறியாளர் குறிப்பு இருக்கும். பழுதுச் செலவையும் வண்டியின் மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கீழே நான் ஒரு பத்தி எழுதி மேலே அனுப்புவேன். அந்த முறைப்படி என் காருக்கும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இன்ஜின் நன்றாக இருக்கிறது. துரு இடது பக்கத்தோடு நிற்கிறது. பின் சக்கரத் தாங்கிகளும் வலது பக்கமும் தட்டினால் டங் என்கின்றன. கறுப்படித்து விற்றால் நாளை யாரோ ஒரு சின்னப் பையன் தன் மனைவியையும் குழந்தையையும் அந்தத் தளத்தின் மேல்தான் உட்காரவைப்பான். எழுதி முடித்ததும் மனைவியிடம் காட்டினேன். "பதினெட்டாயிரம்தானே, செய்யச் சொல்லுங்க. முட்டிக்கு ஊசி போட்டதுக்கே அதைவிட அதிகம் ஆச்சு" என்றாள். ஃபைல் ஒரே நாளில் முடிந்தது. என் சர்வீஸில் அப்படி நடந்ததில்லை.

வேலை நடந்த ஐந்து நாளும் நான் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். சீட்டு, கார்ப்பெட் எல்லாம் வெளியே வந்தன. கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர்! கதவு ரப்பர் வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் அங்கேயே தங்கியிருக்கிறது. ரன்னிங் போர்டின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. பழைய கறுப்புப் பூச்சு அவற்றையும் அடைத்திருந்தது. துரு மேலிருந்தும் கீழிருந்தும் தின்றதற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

பிறகு இற்ற பாகத்தை, பளபளவென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினார். உள்ளங்கை அளவு என்று நான் நினைத்த ஓட்டை, வெட்டி முடித்தபோது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகிவிட்டது. பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் அடியில் ஓடுவதால், அவற்றை நகர்த்திவைத்து, பக்கத்தில் ஈரச் சாக்கும் தண்ணீர் வாளியும் வைத்துக்கொண்டு புதுத் தகட்டை சி.ஓ.டூ வெல்டிங்கில் பிடித்தார். மெல்லிய தகடு கோணாமல் இருக்க அதுதான் நல்லதாம். பிரேக் பைப்பில் ஒரு இடம் துருவால் சொரசொரப்பாக இருந்தது. அதையும் மாற்றினார்.

மேலோட்டமான துரு இருந்த இடங்களை வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, துருவை மாற்றும் திரவம் ஒன்றைத் தடவினார். பழுப்பு நிறம் கறுத்தது. இந்தத் திரவங்களில் சிலவற்றில் இருப்பது டானின், அதாவது நம் கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும் என்பது நம் பழைய மை காய்ச்சியவர்களுக்குத் தெரிந்த விஷயம். (அதற்காக யாரும் வீட்டில் கடுக்காய் இடித்துக் காரில் பூச வேண்டாம்.) அதன்பின் எப்பாக்ஸி பிரைமர், மூட்டுகளில் சீலர், நன்றாகக் காய்ந்தபின் கடைசியாகத்தான் கறுப்புப் பூச்சு. சைலன்சரிலும் பிரேக்கிலும் வடிகால் ஓட்டைகளிலும் படாமல் டேப் ஒட்டிவிட்டு அடித்தார். கழித்த இன்ஜின் ஆயிலைத் தடவலாமே என்று நான் கேட்டதற்கு, "ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப்போயிடும் சார், பிரேக்குல பட்டா அதைவிட ஆபத்து" என்று மறுத்துவிட்டார்.

பிரான்சில் குடியேறிய என் பள்ளித் தோழன் ஒருவனிடம் போனில் இதைச் சொன்னேன். அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். கடல் இல்லாத ஊரிலும் காரின் அடியில் துரு. அதனால் கார் நான்கு வயதானதும் சோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அடியில் துரு மோசமாக இருந்தால் தேற மாட்டார்கள்; சரிசெய்து, இரண்டு மாதத்துக்குள் மறுபடி காட்ட வேண்டும். "பதினஞ்சு வருஷம் யாருமே பாக்க மாட்டாங்களா?" என்று அவன் ஆச்சரியப்பட்டான். இங்கே சொந்தக் காரை நாமேதான் பார்க்க வேண்டும்.

வண்டி சோதனையில் தேறியது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, கார் அரை நாள் சக்கரம் மூழ்க நின்றது. தண்ணீர் வடிந்ததும் கார்ப்பெட்டை வெளியே எடுத்துக் காயவைத்து, அடியை நல்ல தண்ணீரில் கழுவி, வடிகால் ஓட்டைகளில் ஒரு குச்சியை விட்டுச் சேற்றை எடுத்தோம். இந்த வருடம் டிங்கர் மறுபடி தட்டிப் பார்த்தார். இடது பக்கமும் டங் என்றது.

நண்பர்களுக்கு நான் சொல்வது நான்கே விஷயம். ஐப்பசி மழைக்கு முன்னும் மழை முடிந்தபின்னும் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் கை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வடிகால் ஓட்டைகள் திறந்திருக்கட்டும். யாராவது கோட்டிங் அடிக்கிறேன் என்றால், அடிப்பதற்கு முன் சுத்தம் செய்த இரும்பை எனக்குக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் உங்கள் ஊர் அனுபவத்தையும் எழுதுங்கள். கடலூர், நாகப்பட்டினம் பக்கத்து நண்பர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.