தூசி தும்பு

ஆடிக் காற்று தொடங்கியதும் எங்கள் பாளையங்கோட்டை வீட்டின் சன்னல்களைச் சாத்திவிடுவோம். சாத்தியும் பயனில்லை. மாலைக்குள் மேசை மீது விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் புழுதி படிந்துவிடும். என் மனைவிக்கு நெடுநாளாக இளைப்பு நோய். இரவு இரண்டு மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்து அமர்ந்து அவள் மூச்சுக்குப் போராடுவதை அருகிலிருந்து பார்ப்பவனுக்குத் தூசி என்பது வெறும் சொல் அன்று. "வீட்டில் புத்தகங்கள் அதிகமோ?" என்று மருத்துவர் கேட்டபோது நான் தலைகுனிந்தேன். ஏறத்தாழ மூவாயிரம் நூல்கள், அனைத்தும் திறந்த அலமாரிகளில்.

வாரியலால் பெருக்குவதைக் குறைத்துத் தூசி உறிஞ்சும் கருவி ஒன்றை வாங்கச் சொன்னார் அவர். (இனி 'வேக்குவம் கிளீனர்' என்றே எழுதுகிறேன். தமிழாசிரியனை நண்பர்கள் பொறுத்தருள்க.)

உண்மையில் அது இரண்டாவது கருவி. முதலாவது எட்டே மாதத்தில் மாண்டது; கொன்றவன் நான்தான். வீட்டில் மராமத்து வேலை முடிந்த மறுநாள், தரையில் கிடந்த சிமெண்டுத் தூளை அதைக் கொண்டு உறிஞ்சினேன். மாவினும் நுண்ணிய அத்தூள் வடிகட்டியின் கண்களை அடைத்துவிட்டது. இத்தகைய கருவியில் உள்ளே பாயும் காற்றுதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது என்பதை அன்று அறியேன். காற்று நின்றது, சூடேறியது, கருகிய வாடை வந்தது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், அந்த மாதிரிக்கு உதிரிப்பாகம் வருவதே நின்றுவிட்டது என்றார். முந்தைய தவறு என்னுடையது. பிந்தையதை வாங்கும்போதே கேட்டிருக்கலாம்.

எனவே இரண்டாம் முறை கடைக்குப் போகுமுன் எங்கள் வீட்டுத் தரையை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். கூடத்தில் மொசைக். படுக்கையறைகளில் டைல்ஸ், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சிறு வாய்க்கால். பின்கட்டில் அப்பா காலத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரை, அதன் மேல் பத்தமடைப் பாய். கூடத்தில் ஒரு ஜமுக்காளம். நம் பெண்கள் இதை எப்போதோ அறிந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் பூந்துடைப்பம், முற்றத்துக்கு ஈர்க்கு வாரியல். ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால் அம்மா கடிந்துகொள்வாள். வேக்குவம் கிளீனருக்கும் அதே இலக்கணந்தான். சுழலும் தூரிகை உள்ள முனை, கம்பளத்தின் இழைகளுக்குள் புகுந்து மண்ணைத் தட்டி எழுப்பும். அதையே மொசைக் தரையில் ஓட்டினால் சிந்திய அரிசியை நாற்புறமும் தெறிக்கச் செய்யும். கோரைப் பாயையோ பிய்த்தே விடும். வழவழப்பான தரைக்கு மென்மயிர் முனையும், டைல்ஸ் இடுக்குக்கும் புத்தக அடுக்குக்கும் ஒடுங்கிய முனையும் வேண்டும். தூரிகையின் சுழற்சியைத் தனியே நிறுத்த முடிய வேண்டும்.

கடைக்காரர் வாட் கணக்கையே திரும்பத் திரும்பச் சொன்னார். வாட் என்பது கருவி உண்ணும் மின்சாரமேயன்றி அது செய்யும் வேலை அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1600 வாட்டுக்கும், 2017 செப்டம்பரில் 900 வாட்டுக்கும் மேற்பட்டவற்றை விற்பனைக்குக் கொண்டுவரத் தடை விதித்தது. அதனால் அங்கே வீடுகள் குப்பையாகிவிடவில்லை. நான் ஒரு பொட்டலத்தை எடுத்துப் போயிருந்தேன். எங்கள் வீட்டுத் தூசி, தலைமயிர், கொஞ்சம் அரிசிக் குருணை. அதைக் கடைத் தரையில் கொட்டியதும் விற்பனைப் பையன் சிரித்துவிட்டான். ஆனால் தேர்வு எளிதாயிற்று.

மின்கலத்தில் ஓடும் கம்பியில்லாக் கருவி மனைவிக்குப் பிடித்திருந்தது. இலேசானது, மாடிக்கும் தூக்கலாம். ஆயினும் மின்கலம் சில ஆண்டுகளில் தளரும். அதைக் கழற்றி மாற்ற முடியாதெனில் முழுக் கருவியும் குப்பைதான். கம்பியுள்ளதையே எடுத்தோம். பையில்லாத மாதிரிகள் செலவு குறைந்தவை. ஆனால் தொட்டியைக் கவிழ்க்கும்போது பிடித்த தூசியெல்லாம் முகத்தில் எழும். இளைப்பு நோயாளி வீட்டில் பைதான் தகும். வடிகட்டி 'ஹெப்பா' வகை. 0.3 மைக்ரான் துகள்களிலும் நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுப்பது அது. உடற்பகுதியில் காற்றுக் கசிந்தால் அந்தச் சிறப்பும் வீண் என்பதால், ஓடும் கருவியின் மூட்டுகளில் கையை வைத்துப் பார்த்தேன். கடைசியாக, பையும் வடிகட்டியும் மோட்டாரின் கார்பன் பிரஷும் உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும் என்றவர் ஒருவரே. விலை சற்றுக் கூடுதலாயினும் அவரிடமே வாங்கினேன்.

பிறகு படித்தபோது ஒன்று தெரிந்தது. 1907இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கான்டன் நகரில், ஒரு பல்பொருள் அங்காடியைத் துப்புரவு செய்துவந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர், மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கழியையும் சேர்த்துத் தூக்கிச் செல்லத்தக்க ஒரு கருவி செய்தார். 1908இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அது ஹூவர் குடும்பத்தாரிடம் போயிற்று. ஸ்பாங்ளருக்கு இளைப்பு நோய். பெருக்கும்போது எழுந்த தூசி தாளாமல்தான் அதைச் செய்தாராம். இதை மனைவியிடம் சொன்னேன். "பெருக்குறவருக்கே வந்திருக்கு பாருங்க" என்றாள்.

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாளை நினைவூட்டியது. கருவி வந்த அன்று அவர் வாசலிலேயே நின்று, "மிஷினு வந்துட்டே, இனி நான் வரணுமா சார்?" என்று கேட்டிருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் தூசியை அவர்தான் சுவாசித்திருக்கிறார். நான் அதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. வரவேண்டும், சம்பளமும் அதேதான் என்றேன். இப்போது கருவியை ஓட்டுபவர் அவரே. சத்தம் மாறினால் அடைப்பு என்று என்னைவிட முன்னரே கண்டுகொள்கிறார். முற்றத்தை மட்டும் ஈர்க்கு வாரியலால்தான் பெருக்குவேன் என்கிறார்.

மனைவியின் மூச்சு மருந்து இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது. சென்ற ஆடியில் அதை எடுத்த இரவுகள் நான்கு. அதற்கு முந்தைய ஆண்டு எண்ணி மாளவில்லை. மெத்தையையும் தலையணையையும் வாரம் இருமுறை உறிஞ்சுகிறோம். பத்துப் பைகள் மொத்தமாக வாங்கி அகராதிகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறேன். நேற்று அந்த அம்மாள், "பை நெறஞ்சிட்டு சார்" என்றார். ஏழாவதை எடுத்துக் கொடுத்தேன்.