அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்

ஏப்ரல் 5, 2020

ஐந்தாம் தேதி. ஸ்ரீரங்கத்திலும் சரி, அக்கரையில் மலைக்கோட்டைப் பக்கமும் சரி, கடை வாடகைக்கு இதுதான் கெடு. கொரோனா ஊரடங்கில் இன்று இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். நான் கணக்கு எழுதும் கடைக்காரர்களில் யாரும் அகலைப் பற்றிப் பேசவில்லை. காலையிலிருந்து போனில் ஒரே கேள்விதான்: "சார், வாடகை கேட்கக் கூடாதுன்னு டெல்லியில ஆர்டர் போட்டிருக்காங்களாமே, நமக்கு உண்டா?"

கிடையாது. மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவு, வாடகை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்கானது. ஒரு மாதம் அவர்களிடம் வாடகை கேட்கக் கூடாது, காலி செய்யச் சொல்லக் கூடாது. கடையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது "வீடு" உதிர்ந்து "வாடகை" மட்டும் மிஞ்சியிருக்கிறது. இல்லை என்று சொல்லச் சொல்ல, ஏதோ நானே மறுத்த மாதிரி எல்லோருக்கும் என் மேல் வருத்தம்.

ஏப்ரல் 20

இந்நேரம் விருப்பன் திருநாள் நடந்துகொண்டிருக்க வேண்டும். சித்திரைத் தேருக்குச் சுற்று வட்டாரக் கிராமத்து ஜனமெல்லாம் வந்து இறங்கும். ராஜகோபுரத்துக்கும் ரெங்கா ரெங்கா கோபுரத்துக்கும் நடுவே கடை வைத்திருப்பவர்களுக்கு வருஷம் என்பது பன்னிரண்டு மாதம் இல்லை. வைகுண்ட ஏகாதசி, ஐயப்ப சீசன், சித்திரைத் தேர், ஆடிப்பெருக்கு. இந்த நான்கில் சம்பாதித்துத்தான் மற்ற மாத வாடகையை ஈடுகட்டுவார்கள். அதில் ஒன்று போய்விட்டது.

அங்கே ஒரு படக்கடை. நம்பெருமாள் படம், பித்தளை விளக்கு, மரச் செப்பு, சாவிக்கொத்து. மாத வாடகை 14,000, அட்வான்ஸ் 1,50,000. கட்டடத்துக்காரர் மாடியில் குடியிருக்கும் மாமி. கணவர் இல்லை; பையன் பெங்களூரில். இந்தக் கடை வாடகையும் பின்கட்டில் ஒரு ஒண்டுக்குடித்தன வாடகையும்தான் அவர் ஜீவனம். சிறு கடைக்காரர் பக்கம் நின்று பேசுகிறவர்கள் நிலச்சுவான்தார் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் மாமி மாதிரிதான்.

இன்னொன்று, வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மாமியின் வீடு மாமிக்குச் சொந்தம், அது நிற்கும் மண் கோயிலுக்குச் சொந்தம் என்கிறது கோயில் நிர்வாகம். அடிமனைப் பிரச்சினை என்பார்கள். இந்தத் தீவில் பல தெருக்களில் அதனால் பத்திரப் பதிவு நடப்பதில்லை. விற்க முடியாது, பேங்கில் வைக்க முடியாது. கடையை வாடகைக்கு விடலாம், அவ்வளவுதான். படக்கடைக்காரருக்கு மாமி எசமானி என்றால், மாமிக்கு ரங்கநாதர் எசமான்.

மே 5

வணிகர் தினம். வருஷா வருஷம் எங்காவது மாநாடு நடக்கும். இந்த வருஷம் இல்லை. சின்னக்கடை வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் அழைத்தார். இரண்டு மாத வாடகை பாக்கி. கட்டடத்துக்காரருக்கு ஊரில் ஏழெட்டுக் கடைகள். "பேங்க் எனக்குத் தள்ளுபடியா பண்ணுது? மூணு மாசம் தள்ளிவெச்சிருக்கான், வட்டி ஓடிக்கிட்டே இருக்கு" என்றாராம். ரிசர்வ் பேங்க் மார்ச் 27 அன்று கொடுத்த தவணைச் சலுகையைச் சொல்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் தள்ளிவைக்கிறேன் என்றுகூட அவர் தன் வாடகைக்காரரிடம் சொல்லவில்லையே.

மே 24

இன்றிலிருந்து சென்னை தவிர மற்ற இடங்களில் சலூன் திறக்கலாம். சாத்தார வீதியில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது.

டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று மூன்று நாளைக்கு முன் வந்திருக்கிறது. கான் மார்க்கெட்டில் ஒரு செருப்புக் கடையோ வேறென்னவோ, மாத வாடகை 3.5 லட்சம். ஊரடங்கில் கடை மூடியிருந்ததால் வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டார்கள். நீதிபதி பிரதிபா எம். சிங் மறுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் இதற்கென்று ஷரத்து எழுதியிருந்தால் அதன்படி கேட்கலாம். இல்லையென்றால் இடத்தை வைத்துக்கொண்டு வாடகை தரமாட்டேன் என்று சொல்ல முடியாது. கட்டும் தேதியைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாம்.

சட்டப்படி இது புதிதில்லை. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிற, ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு குத்தகைக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். தீ, புயல், வெள்ளம், படையெடுப்பு, கலகக் கும்பல், தடுக்க முடியாத வேறு ஏதாவது சக்தி. இவற்றால் இடமே அழிந்தாலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோதான் வாடகைக்காரர் குத்தகையை முறித்துக்கொள்ளலாம். படக்கடைச் சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை. கொரோனா கட்டடத்தை ஒன்றும் செய்யவில்லை.

நம் மாநிலச் சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். வாடகைக் கட்டுப்பாடே ஒரு நெருக்கடியில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் 1941-ல் வந்த உத்தரவு. பிறகு 1946, 1949, கடைசியில் 1960-ஆம் வருஷச் சட்டம். அதில் "நியாய வாடகை" என்று ஒன்று இருந்தது. கட்டடத்தின் மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டு அதிகாரி நிர்ணயிப்பார். 2019 பிப்ரவரி 22 முதல் அந்தச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் அமலில் இருக்கிறது. இப்போது இரு தரப்பும் எழுதிக்கொண்டதுதான் வாடகை. இரண்டு மாதம் பாக்கி வைத்தால் வெளியேற்றக் கேட்கலாம். போருக்குப் பிறந்த ஏற்பாட்டை, நோய் வருவதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால் எடுத்துவிட்டோம். பழைய சட்டம் வீட்டுக்காரர்களைப் படுத்திய பாடு எனக்குத் தெரியும். ஐம்பது ரூபாய் வாடகையில் பெரியகடை வீதியில் இரண்டு தலைமுறை உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காக அழ மாட்டேன்.

ஜூன் 7

மாமி கூப்பிட்டு அனுப்பினார். படக்கடைக்காரர் கீழே படியில், நான் திண்ணையில், மாமி நிலைப்படிக்கு உள்ளே; எல்லோர் மூக்கிலும் துணி.

படக்கடைக்காரர் மண்ணச்சநல்லூர்க்காரர். நேரடியாகக் கேட்கமாட்டார். "மாமி, கோயில் திறக்கலை, கடையத் திறந்து யாருக்கு விக்கிறது? உள்ளூர் ஆளு சாவிக்கொத்து வாங்குவாங்களா?" என்றார்.

"நான் மட்டும் என்னத்தைச் சாப்பிடறதுப்பா? கரண்டுக்காரன் விடறானா, கார்ப்பரேஷன்காரன் வீட்டு வரியை விடறானா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார்: "அட்வான்ஸுல கழிச்சுக்குங்க மாமி."

இந்தச் சில மாதத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வழக்கத்தை நானே பல வருஷம் திட்டியிருக்கிறேன். வட்டியில்லாமல் ஒருவர் பணம் இன்னொருவரிடம் கிடக்கிறது. கடை தொடங்கும்போதே கழுத்தைப் பிடிக்கிறது. புதுச் சட்டமும், வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் கோர்ட்டும் சர்க்காரும் கைகொடுக்காத இந்த வேளையில் வாடகைக்காரர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தப் பத்து மாத அட்வான்ஸ். மூன்று மாதம் மட்டும் கொடுத்தவர்கள் பேச்சுக்கே இடமில்லாமல் நிற்கிறார்கள். சாத்தார வீதிச் சலூன்காரர் ஒருவர் நிலை அதுதான். நாற்காலியை எடுத்துக்கொண்டு திருவானைக்காவலில் மச்சான் வீட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

மாமிக்கும் இதில் ஒரு சங்கடம். வாங்கிய அட்வான்ஸ் பீரோவில் இல்லை. பையன் படிப்பில் என்றோ கரைந்துபோனது. கடையைக் காலி பண்ணுகிறேன் என்று இவர் சொன்னால் திருப்பிக் கொடுக்க அங்கே பணம் கிடையாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அதனால்தான் பேச்சு இவ்வளவு மரியாதையாக நடந்தது.

முடிவு: ஏப்ரலிலிருந்து கோயில் திறக்கும்வரை மாதம் 7,000, அட்வான்ஸில் கழிவு. மறு பாதியைப் பற்றி மாமி "பெருமாள் பாத்துப்பார்" என்றார். கையில் ஒரு வரி எழுதித் தரலாமா என்று கேட்டேன். "என்னடா, என்னை நம்பலையா?" என்றார். விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3

நேற்று ஆடிப் பதினெட்டு. ஞாயிறு முழு ஊரடங்கும் சேர்ந்துகொண்டது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் போலீஸ்.

சிங்கப்பூரிலிருந்து அக்கா பையன் பேசினான். சிராங்கூன் சாலைப் பக்கம் சிறு மளிகைக்கடை. அங்கே ஜூனில் பாராளுமன்றமே சட்டம் போட்டுவிட்டது. வியாபாரம் 35 சதவீதமோ அதற்கு மேலோ விழுந்த சிறு கடைகளுக்கு நான்கு மாத வாடகை தள்ளுபடி. இரண்டு மாதம் அரசு பொறுப்பு, இரண்டு மாதம் கட்டடத்துக்காரர் பொறுப்பு. வாடகையையே நம்பியிருக்கும் சின்ன உரிமையாளர் தன் பங்கைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாமாம். மாமி மாதிரி ஒருத்தரை யாரோ ஓர் அதிகாரி அங்கே நினைத்துப் பார்த்திருக்கிறார்! ஆஸ்திரேலியாவில் ஏப்ரலிலேயே விதி வகுத்தார்கள்: வியாபாரம் எவ்வளவு விழுந்ததோ அவ்வளவு சதவீதம் வாடகைச் சலுகை, அதில் குறைந்தது பாதி நிரந்தரத் தள்ளுபடி.

அங்கெல்லாம் எல்லாக் கடைக்கும் வரவு செலவு பதிவு இருக்கிறது, எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது என்பார்கள். இங்கும் ஜி.எஸ்.டி. கணக்கு இருக்கிறது, மாதா மாதம் நானே ஏற்றுகிறேன். எத்தனை சதவீதம் விழுந்தது என்று கேட்டால் பத்து நிமிஷத்தில் சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

செப்டம்பர் 1

கோயில் திறந்தாயிற்று. மாமியும் படக்கடைக்காரரும் ஐந்து நிமிஷத்தில் பேசி முடித்தார்கள். வருஷக் கடைசிவரை 10,000. பாதி ரொக்கம், பாதி கழிவு.

நவம்பர் 29

காந்தி மார்க்கெட் எட்டு மாதத்துக்குப் பிறகு இந்த வாரம்தான் திறந்தது. மொத்த வியாபாரம் இத்தனை நாள் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில். கள்ளிக்குடிப் புது மார்க்கெட்டுக்குப் போ என்று அரசு, மாட்டேன் என்று வியாபாரிகள், நடுவில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தடை உத்தரவு. தரைக்கடை வைத்து வெங்காயம் விற்றவர்கள் மழையில் பட்ட பாடு தனி.

உள்ளாட்சிகளுக்குச் சொந்தமான கடைகளுக்கு ஏப்ரல், மே இரண்டு மாத வாடகையை அரசு தள்ளுபடி செய்திருக்கிறது. தன் கட்டடத்தில் இருப்பவருக்கு விட்டுக்கொடுத்தது சரி. எதிர்ச்சாரியில் தனியார் கட்டடத்தில் அதே பொருளை விற்பவருக்கு ஒன்றும் இல்லை. மாமிக்கு வீட்டு வரியில் ஆறு மாதம் குறைத்திருந்தால்கூட அது கீழே கடைவரை இறங்கியிருக்கும்.

ஜவுளிக்கடைக்காரர் காலி செய்துவிட்டார். பாக்கி போக அட்வான்ஸில் மிஞ்சியது ஒன்றுமில்லை. ஷட்டரில் "வாடகைக்கு" என்று போர்டு தொங்குகிறது, தீபாவளி போன பிறகும்.

ஜனவரி 6, 2021

வைகுண்ட ஏகாதசிக்குக் கூட்டத்தை அளந்துதான் விட்டார்கள். படக்கடையில் பாதி வியாபாரம். அதற்குள் தகராறு வந்துவிட்டது. பெங்களூர்ப் பையன் வந்திருக்கிறான். லேப்டாப்பில் கணக்குப் போட்டுக் காட்டினான்: ஏப்ரல் முதல் ஆகஸ்ட்வரை மாதம் 7,000 குறைவு, செப்டம்பர் முதல் டிசம்பர்வரை 4,000 குறைவு, ஆக 51,000 பாக்கி. கழிவு 55,000 போக அட்வான்ஸில் இருக்கும் 95,000-ல் இதையும் எடுத்தால் மிச்சம் 44,000.

"அது பாக்கி இல்லீங்க தம்பி, அம்மா விட்டுக்கொடுத்தது."

"எழுதியிருக்கா?"

எழுதவில்லை. மாமி உள்ளே போய்விட்டார்.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கம்பெனியில் சம்பளம் குறைத்திருக்கிறார்கள். அவனுக்கு அதை எழுத்தில் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 27

நேற்றிலிருந்து கோயில் மறுபடி மூடல். முதல் அலையில் தாங்கிய கடைகளுக்கு இம்முறை கழிக்க அட்வான்ஸ் இல்லை. படக்கடைக்கு இன்னும் இருக்கிறது, எவ்வளவு என்பதில்தான் சண்டை.

ஜூலை 11

கோயில் ஐந்தாம் தேதி திறந்தது. இன்று மறுபடி திண்ணை.

மாமி முதலில் பேசினார். கோயில் மூடியிருந்த மாதத்துக்குத் தான் விட்டது விட்டதுதான். பெருமாளைச் சாட்சி சொல்லியிருக்கிறார், மாற்ற முடியாது. செப்டம்பரில் கோயில் திறந்தாயிற்று, அதிலிருந்து டிசம்பர்வரை குறைந்த அந்த 16,000 வர வேண்டியதே. படக்கடைக்காரர் முகம் சுருங்கியது, ஒப்புக்கொண்டார். இந்த மே, ஜூன் பாதிப் பாதியாக 14,000 கழிவு. 95,000-ல் இரண்டும் போக 65,000.

அதை மறுபடி ஒன்றரை லட்சமாக்க வேண்டும் என்றான் பையன். சட்டம் மூன்று மாதம்தானே சொல்கிறது, மீதியைத் திருப்பிக் கொடுங்கள் என்றார் கடைக்காரர். அவரைத் தனியே அழைத்து, கொடுக்கவும் வேண்டாம் வாங்கவும் வேண்டாம், 65,000 அப்படியே இருக்கட்டும் என்றேன். கணக்கு எழுதுபவன் இப்படிச் சொல்வது சரியில்லைதான். ஆனால் அடுத்த முறை அவருக்கு யார் இருக்கிறார்கள்?

இம்முறை எழுதுகிறோம். அரசு உத்தரவால் கடை மூடப்படும் நாட்களுக்குப் பாதி வாடகை, மறு பாதி பாக்கியாகாது. அது சுலபமாக முடிந்தது. கடை திறந்திருந்து கோயில் மூடியிருந்தால்? ஒப்பந்தத்தில் கோயிலை ஏன் இழுக்கிறீர்கள் என்றான் பையன். மாமியே பதில் சொன்னார்: "கோயில் இல்லேன்னா இந்தக் கடைக்கு 14,000 எவன் கொடுப்பான்?" தொடர்ந்து பதினைந்து நாளுக்கு மேல் தரிசனம் நின்றால் மாதம் 10,000 என்று எழுதிக்கொண்டேன்.

வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதியப் பையன் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அவன் ஊருக்குக் கிளம்புகிறான். அதற்குள் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி டைப் அடித்து இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும்.