காயல் கரையில் ஒரு குதிரைச் சவாரி



நீங்கள் என்றேனும் குதிரை மீது ஏறி அமர்ந்திருக்கின்றீர்களா? தென்னை சூழ்ந்த தீவுகளுக்கு விடுமுறை கழிக்கச் செல்லும் மேலைநாட்டார், கடலோர மணலில் குதிரைச் சவாரி செய்வதை வாழ்நாளின் பேரின்பமாக எண்ணுகின்றனர். நமக்கு அத்தனை தொலைவு போக வேண்டியதில்லை. தாமிரபரணி கடலோடு கலக்கும் நம் காயல் கரைக்கே, ஒரு காலத்தில் தீவுகளிலிருந்து குதிரைகள் கப்பலேறி வந்தன. அந்தக் கரையில், ஐம்பதை நெருங்கும் வயதில், முதன்முறையாகக் குதிரை ஏறிய கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகின்றேன்.

சென்ற கோடை விடுமுறையில் காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் வீட்டிற்கு என் இளைய மகனை அழைத்துச் சென்றேன். திருநெல்வேலியில் திருச்செந்தூர் வண்டி ஏறினோம். பாளையங்கோட்டையைக் கடந்ததும் இருபுறமும் வயலும் வாழையும் விரிந்தன. செய்துங்கநல்லூர், திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றின் அரவணைப்பிலேயே செல்லும் பாதை அது. குரும்பூர் தாண்டிய பின் பனைகளும், ஆறுமுகநேரியை நெருங்கும்போது வெண்ணிற உப்பளங்களும் கண்ணில் பட்டன. பொதிகை மலையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் மட்டுமே ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேரும் சிறிய ஆறுதான் தாமிரபரணி. ஆனால், அது ஆக்கிய துறைமுகங்களும் அழித்த துறைமுகங்களும் பல.

துறைமுகத்தை நகர்த்திய ஆறு

சங்க காலத்தில் முத்துக்குப் பெயர் பெற்ற பாண்டியர் துறைமுகம் கொற்கை. இன்று அங்கே சென்று கடலைத் தேடினால் காண மாட்டீர்கள். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், கரையைப் பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. கடல் விலகியதும் வணிகமும் விலகி, காயலுக்கு வந்தது. பின்னர் அதையும் மண் தூர்த்தது. இன்று தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் பழையகாயல் என்னும் பெயரோடு அமைதியாக இருக்கும் ஊரே அந்தப் பழைய துறைமுகம் என்று கால்டுவெல் கண்டறிந்தார். 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலில், அங்கே சீனப் பீங்கான் ஓடுகளைத் தாமே பொறுக்கியெடுத்ததை அவர் எழுதியிருக்கின்றார்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, மேற்கே ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்தும் அரபு நாடு முழுவதிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் யாவும் காயலில் தங்கிச் செல்வதாகக் குறித்துள்ளார். கீஷ், பாரசீக வளைகுடாப் பகுதியின் ஒரு தீவு. கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் என்னும் பெருவணிகர், ஆண்டுக்கு 1400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகின்றார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். அந்த ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவரான தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், சுந்தர பாண்டியனின் அமைச்சராகவும் காயல் துறையின் பொறுப்பாளராகவும் விளங்கினார். தமிழில் ராவுத்தர் என்னும் சொல்லுக்குக் குதிரை வீரர் என்பதே பழைய பொருள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

இவற்றையெல்லாம் வண்டியில் என் மகனுக்குப் பெருமிதத்தோடு சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"வாப்பா, அத்தனை குதிரையும் அப்புறம் என்ன ஆச்சு?"

எனக்கு விடை தெரியும். ஆயினும், "நேரமாகிவிட்டது, இறங்க ஆயத்தமாகு" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

மணலில் ஒரு பாடம்

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் கடற்கரைக்குச் சென்றோம். விடுமுறைக் கூட்டத்தை எண்ணி வெளியூரிலிருந்து ஒருவர் பழுப்பு நிற மட்டக்குதிரை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சிறுவர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தனர். என் மகன் என்னைப் பார்த்தான். காலை முழுதும் குதிரை வணிகம் பற்றிப் பேசிய தந்தை, குதிரையைக் கண்டு பின்வாங்கலாமா?

குதிரையின் இடப்புறம் நின்று, இடக்காலை அங்கவடியில் வைத்து ஏறுமாறு குதிரைக்காரர் சொன்னார். மூன்றாம் முயற்சியில் ஏறினேன். கீழே நின்று பார்க்கும்போது சிறியதாகத் தோன்றிய குதிரை, மேலே அமர்ந்ததும் மலையாகிவிட்டது. அது மூச்சு விடுவதையும், தோல் சிலிர்ப்பதையும் என் கால்கள் உணர்ந்தன. இரு சக்கர வண்டியில் நாற்பது கல் வேகத்தில் செல்லும்போது தோன்றாத அச்சம், நடக்கும் குதிரையின் மீது தோன்றியது. வண்டிக்கு விருப்பம் இல்லை; இதற்கு உண்டு.

ஈரமணலில் பத்தடி நடந்திருக்கும். அலை ஒன்று காலருகே வர, குதிரை தலையை உலுக்கியது. விழுந்துவிடுவேன் என்ற நடுக்கத்தில் கடிவாள வாரை இரு கைகளாலும் இறுகப் பற்றி இழுத்தேன். குதிரை வாயைத் திறந்து கழுத்தை வளைத்தது. நான் மேலும் இழுத்தேன்.

குதிரைக்காரர் ஓடிவந்து வாரைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், கையைத் தளத்துங்க. உங்களுக்குப் பயம், அதுக்கு வலிக்குதுல்லா. வாயில இரும்பு கெடக்கு பாய்."

வெட்கத்தில் தலை குனிந்தேன். கைகளைத் தளர்த்தியதும், சொல்லி வைத்தாற்போல் குதிரை அமைதியாக நடந்தது. அந்தி வெயிலில் கடல் செம்மை பூண, அதன் அசைவுக்கேற்ப என் உடலும் அசையத் தொடங்கிய அந்தச் சில நிமிடங்களின் இன்பத்தை என்னால் எழுத இயலாது. இறங்கிய பின் அதன் வாயைப் பார்த்தேன். காயம் இல்லை. அல்ஹம்து லில்லாஹ்!

கொள்ளும் புல்லும் எப்போது கொடுப்பீர்கள் என்று குதிரைக்காரரிடம் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்க வேண்டும் என்றார். குதிரையின் இரைப்பை அதன் உடலுக்குச் சிறியது. ஒவ்வாததைத் தின்றுவிட்டால் வாந்தியெடுத்துத் தப்பிக்கவும் குதிரையால் இயலாது. இதைக் கேட்டபோது, வண்டியில் நான் மறைத்த விடை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மகனுக்குச் சொன்ன விடை

மணலில் அமர்ந்து அவனிடம் சொன்னேன். அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை இறந்துபோயின.

பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதியிருக்கின்றார். அயல்நாட்டுப் பயணியின் கணக்கில் மிகை இருக்கலாம். எனினும், பாரசீக ஆசிரியர்களும் இந்நாட்டில் குதிரைகள் விரைவில் நலிந்ததையே கூறுகின்றனர். வறண்ட நிலத்தில் வளர்ந்தவற்றுக்கு இப்புழுக்கம் ஒவ்வவில்லை. இறைச்சியும் சோறும் சமைத்துக் கொடுத்தனராம். லாடம் அடிக்கவும் நோய் தீர்க்கவும் தெரிந்தவர் இல்லை. அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் மார்க்கோ போலோ சொல்கின்றார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! கடலில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலமே விலை கொடுத்தது என்கின்றார் வஸ்ஸாஃப்.

என் மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தெரிஞ்சும் சொல்லிக் கொடுக்கலையா வாப்பா?" என்றான்.

வாசகர்களே! இக்கேள்வியை உங்களிடமும் வைக்கின்றேன். முன்னோரின் கடல் வணிகத்தைப் பேசும்போது நாம் பொன்னின் கணக்கைச் சொல்லுகின்றோம். வாயில்லாச் சீவன்களின் கணக்கைச் சொல்வதில்லை. அவர்கள் அனைவரும் அவ்வாறு நடந்தனர் என்று நான் சொல்லவில்லை. ஆயினும், விரைந்தோடும் குதிரைகளின் பெயரால் 'அல் ஆதியாத்' என்றொரு அத்தியாயத்தையே ஓதும் நமக்கு, அந்தக் குதிரைகளின் துன்பமும் வரலாறாகத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கத் தெரிந்தவன் வளர்க்கத் தெரியாதிருந்ததும், வளர்க்கத் தெரிந்தவன் சொல்லித் தராதிருந்ததும் சேர்ந்தே அவற்றைக் கொன்றன. நான் அச்சத்தில் இழுத்த வாரும் அந்தப் பழைய அறியாமையின் ஒரு சிறு துண்டுதான்.

நீங்களும் ஒருமுறை இந்த ஆற்றின் வழியே கடல் வரை சென்று வாருங்கள். கொற்கையையும் பழையகாயலையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எங்கேனும் குதிரை ஏறும் வாய்ப்புக் கிட்டினால், ஏறுமுன் அதன் கழுத்தைத் தடவிக் கொடுங்கள். வாரைத் தளர்வாகப் பிடியுங்கள். பிள்ளைகள் வரலாற்றைப் பற்றிக் கேட்டால், பாதியை மறைத்து மறுபாதியை மட்டும் சொல்லாதீர்கள்.

ஊர் திரும்பும் வண்டியில் என் மகன் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டான். அவன் கையில் கடற்கரையில் கிடைத்த தேய்ந்த லாடம் ஒன்று இருந்தது. குதிரைக்காரர் கொடுத்ததாம். அதை இன்றும் தன் புத்தக அலமாரியில் வைத்திருக்கின்றான்.