பனிப் பாலையில் ரப்பர் சப்பாத்து

பாலைவனம் என்றதும் சுடுமணலும் ஒட்டகமும்தான் உங்கள் மனக்கண்ணில் வரும். பனி மூடிய பாலைவனம் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? இந்தியாவின் வடகோடியிலுள்ள லடாக் அப்படிப்பட்ட சீமைதான். இமயமலை குறுக்கே நின்று மழை மேகங்களை மறித்துவிடுகிறது. அங்குள்ள லே நகரத்தில் மழையும் பனியும் சேர்த்து ஓராண்டுக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். நம் பீடோரில் அடைமழை பிடித்தால் சில நாளிலேயே அவ்வளவும் கொட்டிவிடும்!

2019-ஆம் ஆண்டு ஜனவரிக் கடைசியில் நானும் என் மச்சானும், அதாவது என் மனைவியின் தம்பியும், முதுகில் மூட்டையோடு அங்கே நடக்கப் போனோம். இருவருமே பால்வெட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள். "குளிருக்குக் கேமரன் மலை போதாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1997 மே 23-இல் எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய முதல் மலேசியர்களானார்களே, அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து அலமாரியில் ஒட்டி வைத்திருந்தவர் மச்சான். எவரெஸ்ட் நமக்கு எட்டாது; பனியிலாவது நடப்போம் என்று இருவரும் கூட்டுப் போட்டுக் காசு சேர்த்தோம்.

லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூச்சுக்கு மூச்சு நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் முதலில் சும்மா இருந்து உடம்பைப் பழக்கவேண்டும். பிறகு மருத்துவர் சோதித்து அனுமதித்தால்தான் நடை. விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சரி. மச்சானை, "இன்றைக்கு வேண்டாம், நாளை வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிரவு மச்சான், "மாமா, நீங்க போயிட்டு வாங்க. காசு வீணாப் போகக்கூடாது" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். "ரெண்டு பேரா வந்தோம், ரெண்டு பேரா நடப்போம். இல்லாட்டித் தேத்தண்ணி குடிச்சிட்டு வீட்டுக்குப் போவோம்" என்றேன். மறுநாள் அவருக்கும் அனுமதி கிடைத்தது.

நாங்கள் நடந்தது சன்ஸ்கார் ஆற்றின் மேல். கரையோரமாக அல்ல, உறைந்த ஆற்றின் மேலேயே! கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்; மேலே பனிக்கட்டி தளம் போட்டதுபோல் கிடக்கும். அதற்குச் 'சாதர்' என்று பெயர். போர்வை என்று பொருள். பனிக்காலத்தில் கணவாய்கள் அடைபட்டுப் போவதால், சன்ஸ்கார் மக்கள் வெண்ணெய் விற்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் இந்த ஆற்றுவழியாகத்தான் லேக்கு நடந்து வந்தார்கள்.

பெரிய மலையேறிகளின் காலணி அதில் வழுக்கும், நனைந்தால் காயாது. அதனால் எல்லாரும் முழங்கால்வரை வரும் ரப்பர் சப்பாத்துதான் போடுகிறார்கள். மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. அது எந்த நாட்டு மரத்துப் பாலோ, யார் கண்டது!

இரவுக் குளிரைச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகைக்கும் மேல் இறங்கியது. சுடுநீர்ப் புட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் படுத்தோம்.

எங்கள் வழிகாட்டி ஐம்பது வயதுக்காரர், சன்ஸ்காரிலேயே பிறந்தவர். கையில் ஒரு தடி. நடக்க நடக்கத் தட்டுவார், நின்று காது கொடுப்பார். கெட்டியான பனிக்கு ஓர் ஓசை, உள்ளே பொக்கென்றால் வேறோசை. பின்னால் வருகிறவர்கள் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைக்கவேண்டும்.

நேரக் என்னும் ஊர்ப்பக்கம் உறைந்த அருவி ஒன்று உண்டு. அதைப் பார்ப்பதே எங்கள் பயணத்தின் நோக்கம். அதற்கு ஒரு நாள் நடைக்கு முன்னால், திப் குகையருகே, காலையில் வழிகாட்டி கொஞ்சதூரம் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார். பனிக்குமேல் தண்ணீர் ஏறுகிறது, திரும்பவேண்டும் என்றார். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். இவ்வளவு தூரம் வந்து, இத்தனை வெள்ளி செலவழித்து, ஒரு நாள் நடையில் விடுவதா? நான் வாதாடினேன்.

மச்சான் என் தோளைத் தொட்டார். "மாமா, எங்கப்பா விடியக்காலையில பட்டையைத் தொட்டுப் பாத்தே, ஈரமா இருக்கு, இன்னிக்கு வெட்டக்கூடாதுன்னு சொல்வாரு. கிராணி கேக்கமாட்டாரு. அப்புறம் பாலு மங்குல விழாம பட்டையெல்லாம் வழிஞ்சு ஓடும். இவரும் தொட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றாரு. வாங்க போகலாம்."

திரும்பினோம். அருவியை நான் இன்னும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் குகையொன்றில் தீ மூட்டி உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் கொடுத்தார் வழிகாட்டி. (நம் நாக்குக்கு அது கஞ்சிதான்.) ஆற்றோரமாகச் சாலை போடுவதற்குப் பாறைகளை வெடிவைத்துக் கொண்டிருந்தார்கள். சாலை வந்துவிட்டால் உங்கள் பிழைப்பு போய்விடாதா என்று மச்சான் தம் சினிமா இந்தியில் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, தம் மகளுக்குப் பிரசவ வலி வந்தால் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றார்.

2024 மார்ச்சில் நிம்முவிலிருந்து பதும் வழியாகத் தார்ச்சா வரை, 298 கிலோமீட்டர் சாலை இணைந்துவிட்டது. செய்தியைக் கண்டதும் மச்சான் எனக்குத் தொலைபேசினார். அருவியைப்பற்றி இருவரும் பேசவில்லை. அந்த மனிதரின் மகள் எப்படி இருக்கிறாளோ என்றுதான் கேட்டார்.