வளையமும் மசகும்

வன்மை ஒன்றே வெற்றி தரும் என எண்ணுவோர் உலகிற் பலர். அவ்வெண்ணம் எனக்கும் நெடுநாள் இருந்தது. அதனைப் போக்கியவன் என் பழைய மாணாக்கன் ஒருவன். போக்கிய இடம் ஆரணியில் உள்ள சிறியதொரு மோட்டார்ப் பட்டறை.

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவிற்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூரில் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, என் தமையனார் விட்டுச் சென்ற அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அக்கார்களைச் செய்வது 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும், என் கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சென்ற ஆண்டு, கிளட்ச் மிதியை அழுத்தும்போதெல்லாம் கீச்சென ஓர் ஒலி எழலாயிற்று. காரைப் பட்டறையில் விட்டேன்.

இயந்திரத்தின் சுழற்சியைக் கியர்ப் பெட்டிக்குச் செலுத்துவதும், வேண்டும்போது துண்டிப்பதும் கிளட்சின் தொழில். இயந்திரத்தின் சுழல்தண்டு முனையில் ஒரு குழி உண்டு. அதனுள் ‘புஷ்’ என வழங்கும் சிறிய வெண்கல வளையம் இறுகப் பொருந்தியிருக்கும். கியர்ப் பெட்டித் தண்டின் நுனியைத் தாங்குவது அதுவே. என் காரில் அவ்வளையம் தேய்ந்திருந்தது. தொழிற்சாலையில் அழுத்திப் பொருத்திய அதனை வெளியே எடுப்பது எளிதன்று. முன்புறம் பற்றி இழுக்கப் பிடிப்பில்லை. குழியின் மறுமுனை மூடியிருப்பதால் பின்புறமிருந்து தள்ளவும் வழியில்லை.

பட்டறையில் தொழில் பயிலும் இளைஞன் ஒருவன் உளியும் சுத்தியும் கொண்டு முயன்றான். வளையம் அசையவில்லை. “இன்னும் ஓங்கி அடி” என்றேன் நான். அப்போது பட்டறைக்கு உரியவன் வந்து அவன் கையைத் தடுத்தான்.

“வேண்டா, ஐயா. உளி சறுக்கினால் குழி கீறிவிடும். சிறு வளையத்தை எடுக்கப் போய்ச் சுழல்தண்டையே கெடுத்துவிடுவோம்” என்றான்.

பின்னர், குழி நிரம்பக் கிரீஸ் என்னும் மசகை இடைவெளியின்றித் திணித்தான். வளையத்தின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புக் கோல் ஒன்றை அதனுள் நுழைத்தான். மசகு கண்ணில் தெறிக்காதவாறு துணியால் சுற்றி மறைத்துக் கோலைச் சுத்தியால் தட்டினான். மீண்டும் மசகு, மீண்டும் தட்டல். நான்காம் முறை வளையம் நூலளவு வெளிப்பட்டது. சற்று நேரத்தில் அவன் கைக்கே வந்துவிட்டது.

அடைபட்ட பாய்மத்தின்மேல் இட்ட அழுத்தம் எத்திசையும் ஒப்பப் பரவும் என்பது, பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் கண்ட உண்மை. செல்ல வேறு வழியற்ற மசகு, வளையத்தின் பின்னே புகுந்து அதனை வெளியே தள்ளியது. உளிக்குப் பணியாத வெண்கலம் குழைந்த மசகிற்குப் பணிந்தது!

“இப்பொறுமையை எங்கே கற்றாய், தம்பி?” என்று வினவினேன்.

“என் தந்தையாரின் தறியில், ஐயா. பாவில் சிக்கல் விழுந்தால் இழுக்கக் கூடாது. இழுத்தால் இழை அறும். இழை சென்ற வழியைப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்பார்” என்றான்.

என் நெஞ்சு சுட்டது. முப்பது ஆண்டுகட்கு முன் இவன் என் வகுப்பில் வேற்றுமை உருபுகளை ஒப்பிக்க இயலாது நின்றான். “மரமண்டை” என இகழ்ந்து பிரம்பால் அடித்தேன். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்டதும் இல்லை. அவன் அறிவு எவ்விடத்தில் சிக்கி நின்றது எனப் பார்க்க நான் அறியேன். ஓங்கி அடிக்க மட்டுமே அறிந்திருந்தேன்.

“தம்பி, அன்று உன்னை அடித்தது என் பிழை” என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு தேய்ந்த வளையத்தை என் கையில் வைத்து, “அது பழையது, ஐயா. புதியது பொருத்தியாயிற்று” என்று கூறி முறுவலித்தான்.

அவ்வளையம் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. மாணவர்களே, பணியாத பொருளைக் கண்டால் கை ஓங்குவதற்கு முன், அது எவ்வாறு பொருந்தியுள்ளது என்று பாருங்கள். மனிதரிடத்தும் அவ்வாறே பாருங்கள்.