தோல் சொல்லும் செய்தி

போலி நகை அணிந்தால் என் மனைவியின் காதுமடல் இரண்டே நாளிற் சிவந்து கசியத் தொடங்கும். மலிவான கைமணிக்கூட்டின் பின்தகடு பட்ட இடத்தில் என் கையும் அவ்வாறே தடிக்கும். குற்றம் அவற்றிற் கலந்துள்ள நிக்கல் என்னும் உலோகத்தினுடையது. வைத்தியர்கள் இதனை ஒவ்வாமை என்பர். கழற்றி வைத்தால் தீர்ந்தது என்று நாம் இருந்துவிடுகிறோம். கழற்ற முடியாதபடி உடலின் உள்ளேயே அவ்வுலோகம் அமர நேர்ந்தால் என் செய்வது?

நாடி வீக்கம் என்ற நோயில் அக்கேள்வி எழுகின்றது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது, இளகிய இடத்தில் வாய்க்காலின் வரம்பு வெளியே பிதுங்குவதைக் கண்டிருப்பீர்கள். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் நாடியின் சுவரும் நலிந்த இடத்தில் அவ்வாறே பிதுங்கும். உடைந்தால் உயிர் தப்புவது அரிது. நலியச் செய்வது கிருமியாயின் ஆபத்து இன்னும் பெரிது. 1885ஆம் ஆண்டில் இதனை விளக்கிய வில்லியம் ஒஸ்லர் பூஞ்சணம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஆயினும் இதனைப் பெரும்பாலும் விளைவிப்பவை பற்றீரியாக்களே.

கிருமி பற்றாத வீக்கத்துக்கு, தொடை நாடி வழியாக, உலோகச் சட்டமிட்ட துணிக்குழாயை உட்செலுத்திப் பொருத்துவதுண்டு. அச்சட்டம் பல வேளைகளில் நிக்கலும் தைத்தேனியமும் ஏறத்தாழச் சரிபாதியாய்ச் சேர்ந்த கலப்புலோகம். கிருமி பற்றிய இடத்தில் அயற்பொருளை வைத்தால், கிருமி அதிலும் குடியேறக்கூடும். நிக்கலும் ஒவ்வாதவராயின் தயக்கத்துக்கு இரண்டாவது காரணமும் சேர்ந்துவிடுகிறது. ஆதலால், உடல் தாங்குமாயின், சத்திரவைத்தியர் பழுதான பகுதியை வெட்டி நீக்கி, நோயாளியின் தொடையிலிருந்தே நாளமொன்றை எடுத்து அங்கே தைப்பதுண்டு. இளகிய மண்ணை வாரி எறிந்து, நல்ல மண்ணால் வரம்பு கட்டுவது போன்றது அது. கிருமிகொல்லி மருந்தும் வாரக்கணக்கில் தொடரும். உடல் தாங்காத அவசரத்தில் உலோகக் குழாயே உயிர் காப்பதும் உண்டு. குருதி பெருகும் வேளையில் தோலின் தடிப்பை எண்ணிக்கொண்டிருக்க இயலாது.

இத்தெரிவைச் செய்பவர் வைத்தியர். ஆனால் அவருக்கு வேண்டிய செய்தியைக் கொடுக்க வேண்டியவர் நாமே. 1848இல் மானிப்பாயிலே வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய சாமுவேல் கிறீன், பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்து, 'இரண வைத்தியம்' முதலிய நூல்களையும் தமிழில் தந்தார். நோயைச் சொல்லச் சொற்கள் நம்மிடம் அன்றே உண்டு. சொல்லும் பழக்கந்தான் குறைவு. வைத்தியர் முன் அமர்ந்ததும் "ஒன்றுமில்லை ஐயா" என்று ஒடுங்கிவிடுகிறோம்.

"ஏதேனும் ஒவ்வாமை உண்டோ?" என்று வைத்தியசாலையில் வினவும்போது மருந்தும் இறாலும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. உலோகத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவகாசம் இருந்தால், முதுகில் ஒட்டுத்துண்டை இரண்டு நாள் வைத்துச் சோதித்து அறியலாம். காலம் வாய்க்காத வேளையில், வீட்டார் சொல்லும் ஒரு வாக்கியமே அச்சோதனையின் இடத்தில் நிற்கும்.